முப்பத்தோரு நிமிட மன்னிப்பு

ஏழாவது முறை குனிந்தபோது தலைவர் ஷிராகுரா நிமிரவில்லை.

முதலில் சனாயே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது முறை நான்கே விநாடியில் எழுந்துவிட்டார் என்று குறை சொன்னவளே அவள்தான். “குறைஞ்சது எட்டு விநாடி இருக்கணும் தலைவரே, நிருபருங்க எண்ணிக்கிட்டே இருப்பாங்க” என்று சொல்லியிருந்தாள். இப்போது எட்டு தாண்டி, பதினைந்து தாண்டி, முப்பதும் தாண்டியபோது, மனிதர் மனசு வைத்துச் செய்கிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“போதும் தலைவரே, எழுந்திருங்க.”

“முடியலை.”

“ரொம்ப உருக்கமா இருக்கு. ஆனா இவ்வளவு நேரம் வேண்டாம்.”

“முடியலைன்னு சொல்றேன்ல!” என்றார் தலைவர் தரைவிரிப்பைப் பார்த்து. “இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”

அப்போது காலை பதினொரு மணி. பத்திரிகையாளர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கும் கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு.

பக்கத்தில் நின்ற தயாரிப்பாளர் ஓனோதேரா தன் போனில் கோணம் பார்க்கும் செயலியைத் திறந்து, தலைவரின் முதுகின்மேல் மெதுவாக வைத்தார்.

“கரெக்டா நாற்பத்தஞ்சு டிகிரி” என்றார் பாராட்டும் குரலில்.

சனாயே அவரை முறைத்த முறைப்பில் போன் தானாகவே பைக்குள் போய்விட்டது. முறைக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. இத்தனைக்கும் காரணமே அந்த மனிதர்தான்.

கிதாமினே டிவி எங்கள் வடக்குப் பக்கத்துச் சின்ன நிலையம். பகலெல்லாம் தோக்கியோ கொடுப்பதை வாங்கி ஓட்டும். மாலை ஆறேகாலுக்கு அரைமணி நேரம் மட்டும் சொந்தச் சரக்கு. கரடி எந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தது, எந்த மலைப்பாதையில் பனி விழுந்து அடைத்துக்கொண்டது, யார் வீட்டுப் பூசணிக்காய் பரிசு வாங்கியது என்றெல்லாம் அதில்தான் தெரியும். அந்த அரைமணி நேரத்துக்குப் பதினொரு பேர் உழைக்கிறார்கள். சனாயே அவர்களில் ஒருத்தி. நாற்பத்து மூன்று வயது. நெறிப் பிரிவின் தலைவி. பிரிவு என்றால் அவளும் ஓர் அலமாரியும்தான்.

ஏ.ஐ. வந்த புதிதில் அவள் ஒன்பது பக்கத்துக்கு விதிகள் எழுதினாள். செயற்கையாகச் செய்த எந்தப் படத்தையும் திரையில் அறிவிப்புப் போடாமல் காட்டக்கூடாது என்பது நாலாவது விதி. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. முதல் கையெழுத்து ஓனோதேராவுடையது.

சென்ற வாரம் கோட்டைப் பூங்காவிலிருந்து செர்ரிப்பூ நேரலை. இந்த வருஷம் குளிர் விடாததால் மரங்கள் மொட்டையாக நின்றன. நிகழ்ச்சி அறிவித்தாகிவிட்டது. ஐம்பத்தாறு வயது ஓனோதேரா முப்பது வருஷமாக ஒரு நிகழ்ச்சியும் தள்ளிப்போடாதவர். அவர் ஏ.ஐ.யை வைத்து மதியத்துக்குள் இருநூறு மரங்களையும் பூக்க வைத்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். பூ இருந்தால் பார்க்க ஆள் வேண்டாமா? போன வருஷப் பேட்டி ஒன்றில் இருந்த பெரியவரை எடுத்து, அவர் உதட்டையும் குரலையும் மாற்றி, “இந்த வருஷம் பூ அமோகம்! எல்லாரும் வந்து பாருங்க!” என்று சொல்ல வைத்தார்.

மறுநாள் பத்தொன்பது பேருந்துகளில் ஜனங்கள் வந்தார்கள். வந்ததற்கு மொட்டைக் கிளைகளின் கீழே பாய் விரித்து, நடுங்கிக்கொண்டே டப்பாச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதைக்கூட ஊர் மன்னித்திருக்கும். ஆனால் அந்தப் பெரியவர், நாருமி கென்சோ என்பவர், ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கும் முடிந்துபோன மனிதர் ஏப்ரலில் டிவியில் வந்து பூவைப் புகழ்ந்தார். அவர் மனைவி சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோக்கியோத் தலைமை நிலையம் சுருக்கமாக ஒரு கடிதம் அனுப்பியது. இன்னொரு பொய் வெளியே வந்தால் அந்த அரைமணி நேரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வார்களாம். பதினொரு பேரும் அதைப் படித்தார்கள். 

இன்று காலையில்தான் தலைவர் ஒரு மிட்டாய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு நாருமி வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார்.

“ரொம்பத் திட்டினாங்களா?” என்று சனாயே கேட்டாள்.

“திட்டியிருந்தா தேவலையே.” தலைவர் கோட்டைக் கழற்றாமலே நின்றார். “‘அதை இன்னொரு தடவை போடுவீங்களா’ன்னு கேட்டாங்க. கடைசி ரெண்டு மாசம் அவரால பேசவே முடியலையாம். இதுல குரல் தெளிவா இருந்துச்சாம்.”

சொல்லிவிட்டு அவர் கண்ணாடி முன்னால் போய் நின்று குனிந்து பழக ஆரம்பித்தார். ஏழாவது முறையில் இப்படி ஆகிவிட்டது.

“சூட்டு ஒத்தடம் குடுத்தா விட்டுடும்” என்றார் ஓனோதேரா. குளிருக்குச் சட்டைக்குள் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பைகளில் மூன்றை எடுத்துத் தலைவரின் இடுப்பில் ஒட்டினார். பத்து நிமிஷம் கழித்து, “நீங்க தோளைப் பிடிங்க சனாயே சான், நான் இடுப்பைப் பிடிக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு!”

தலைவர் போட்ட சத்தத்தில் கீழ்மாடியிலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஓனோதேரா மறுபடியும் போனை எடுத்து முதுகில் வைத்தார்.

“அம்பத்திரண்டு ஆயிடுச்சு.”

“இன்னும் தொட்டீங்கன்னா தொண்ணூறுக்குக் கொண்டுபோய் விட்டுடுவீங்க” என்றார் தலைவர். “தள்ளி நில்லுங்க.”

சனாயே கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கூட்டத்தைத் தள்ளிவெச்சா?” என்றார் ஓனோதேரா.

“மன்னிப்பைத் தள்ளிவெச்சா, தள்ளிவெச்சதுக்கு ஒரு மன்னிப்புக் கேட்கணும்” என்றாள் சனாயே.

“துணைத் தலைவர் குனியட்டுமே?”

“அவர் குனிஞ்சா என்ன, நிமிர்ந்தா என்ன? அவரை யாருக்குத் தெரியும்?”

அது உண்மைதான். எங்கள் நாட்டில் இந்த விஷயத்தில் கூழைக் கும்பிடு செல்லாது. உச்சியில் இருக்கிற தலைதான் இறங்க வேண்டும். அதுவும் முதலில் முகத்தைக் காட்டி, அப்புறம் தலையைக் காட்டி, மறுபடி முகத்தைக் காட்ட வேண்டும். தலைவரிடம் இப்போதைக்கு நடுப் பகுதி மட்டும்தான் கைவசம் இருந்தது.

ஓனோதேரா தொண்டையைச் செருமினார்.

“எனக்கு அரைமணி நேரம் குடுங்க. தலைவரோட புத்தாண்டு உரை ஏழு வருஷத்துது நம்ம கிட்ட இருக்கு. முகம் இருக்கு, குரல் இருக்கு...”

“ஓனோதேரா சான்.”

“கூட்டத்துல திரையைப் போட்டு...”

“நீங்க செஞ்ச போலிக்கு மன்னிப்புக் கேட்கப் போற இடத்துல இன்னொரு போலியா?”

“மன்னிப்பு நிஜம்தானே? ஆள் மட்டும்தானே செயற்கை.”

வேறு நாளாக இருந்தால் அந்த ஒன்பது பக்கத்தையும் சுருட்டி அவர் தலையிலேயே ஒரு போடு போட்டிருப்பாள். ஆனால் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. கீழே ஒன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“செஞ்சு காட்டுங்க. பார்க்கத்தான். போடுறதுக்கு இல்லை” என்றாள். அதைச் சொன்ன தன் வாயையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஓனோதேரா சொன்ன நேரத்துக்கு முன்பே டேப்லெட்டோடு வந்துவிட்டார். திரையில் தலைவர் நிமிர்ந்து நின்றார், நேராகப் பார்த்தார், குரல் தழுதழுக்க இரண்டு வார்த்தை சொன்னார், குனிந்தார். சரியாக எட்டு விநாடி. எழுந்தபோது இடது கண்ணோரத்தில் ஒரு துளி நீர். சனாயேவுக்கே கண் கலங்கிவிட்டது. அது தெரிந்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நாலாவது விதி. அறிவிப்பு எங்கே?”

“இதுக்குமா?”

“எதுக்கும்.”

ஓனோதேரா கீழ் மூலையில் கொசு அளவுக்கு ஓர் எழுத்து வரியைப் போட்டார்.

“எழுத்து, திரை உயரத்துல இருபதுல ஒரு பங்குக்குக் குறையக்கூடாது.”

“எவன் எழுதினான் அப்படி?”

“நான்தான்.”

அவர் பெரிதாக்கினார். இப்போது தலைவர் கலங்கிய கண்ணோடு குனிய, அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில், ‘இந்த மன்னிப்பு ஏ.ஐ.யால் உருவாக்கப்பட்டது’ என்று வந்தது. குனிந்தபோது அந்த வரி சரியாக அவர் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது.

ஓனோதேரா அதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

“அறிவிப்பு இல்லாம போட்டுட்டா?” என்றார் ஓனோதேரா மெதுவாக.

“நாளைக்கு இதுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்கணும்.”

“அதையும் செஞ்சுடலாம். இப்ப பழகிடுச்சு, இருபது நிமிஷம் போதும்.”

சனாயே டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் மேசை விளிம்பைப் பிடித்தபடி அதே கோலத்தில் நின்றார். அவர் பார்ப்பதற்கு வசதியாக அதைத் தரையில் வைத்தாள்.

தலைவர் தன்னையே ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.

“நான் அழுறேனா?”

“கொஞ்சம்.”

“நல்லா அழுறேன்.” அவர் டேப்லெட்டைக் காலால் சற்றுத் தள்ளினார். “நாருமி வீட்டுல அந்தம்மா முன்னால எனக்கு ஒரு சொட்டு வரலை. வாயடைச்சுப்போய் உட்கார்ந்திருந்தேன். இவன் என்னைவிட நல்லவனா இருக்கான். அழிச்சுடுங்க.”

அவள் அங்கேயே, அவர் கண்முன்னாலேயே அழித்தாள். பிறகு கடைசி முயற்சியாக, ரயில் நிலையத்துக்குப் பின்னால் அக்குபங்சர் ஊசி வைத்தியம் செய்யும் தொகாஷி அம்மாளுக்குப் போன் போட்டாள்.

தொகாஷி அம்மாள் பன்னிரண்டரைக்கு வந்தார். அறுபது வயது, குட்டை உருவம், கறார் பேச்சு. வந்ததும் ஒட்டியிருந்த மூன்று சூட்டுப் பைகளையும் பிய்த்து எறிந்தார்.

“எந்த மடையன் இதை ஒட்டினான்? வீக்கத்துக்குச் சூடு வெப்பாங்களா? எல்லாரும் வெளியே போங்க.”

அந்த மடையன்தான் முதலில் வெளியே போனான். சனாயே கீழே கூட்டம் நடக்கும் அறைக்கு ஓடினாள். நாற்காலி போட்டாள், மைக் பார்த்தாள், வந்து சேர்ந்த நிருபர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். மேலே ஓட நேரமே கிடைக்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு வந்து பார்த்தபோது தொகாஷி அம்மாள் போய்விட்டிருந்தார். அறை வாசலில் தலைவர் நின்றார், குனிந்தபடி.

“இன்னும் விடலையா தலைவரே?”

“நேரமாச்சு. போகலாம்.”

“இப்படியேவா?”

“இப்படியே.”

ஓனோதேராவால் சும்மா இருக்க முடியவில்லை. போனை வைத்துப் பார்த்தார். “நாற்பத்தஞ்சுக்கு இறங்கியிருக்கு. கொஞ்சம் குணம் தெரியுது” என்றார்.

இருபத்தைந்து நிருபர்கள் இருந்தார்கள். கதவு திறந்ததும் முதலில் ஒரு வழுக்கைத் தலை வந்தது, அப்புறம் ஆள் வந்தார். கேமராக்கள் படபடவென்று மின்னின. எல்லோரும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்கள். எட்டு, பத்து, பதினைந்து. அறுபதில் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். ஒரு கேமராக்காரர் தலைவரின் முகம் வேண்டும் என்று மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார்.

அறிக்கையை மேசைமேல் வைத்திருந்தார்கள். தலைவர் அதைப் பார்க்காமலே பேசினார்.

“இதுக்கு யார் பொறுப்பு?” என்று ஒருவர் கேட்டார்.

“நான்.”

“தயாரிப்பாளர்தானே செஞ்சாராம்?”

“செஞ்சது யாரா இருந்தாலும், வெளியே விட்டது என் நிலையம். இறந்துபோன ஒருத்தர் வாயில, அவர் சொல்லாததை நாங்க வெச்சோம். அவர் இனிமே வந்து ‘நான் அப்படிச் சொல்லலை’ன்னு சொல்ல முடியாது. அதனால அவருக்குப் பதிலா நான் சொல்றேன். அவர் அப்படிச் சொல்லலை.”

மேசை விரிப்பில் சொட்டு சொட்டாக ஏதோ விழுந்தது. பாவம், வலியில் வியர்க்கிறது என்று சனாயே நினைத்தாள்.

இருபது நிமிஷம் தாண்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நிருபர் தன்னை மறந்து, “போதுங்க ஐயா. நிமிருங்க, தயவுசெஞ்சு” என்றாள்.

“முடியலைங்க” என்றார் தலைவர்.

நிருபர்களில் இரண்டு பேர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். சனாயேவுக்குக் காது இரண்டும் சுட்டன.

மொத்தம் முப்பத்தோரு நிமிஷம். மாலைக்குள் நாடு முழுக்க அந்தக் காட்சி ஓடியது. ‘இவர் மனிதர்’ என்றார்கள். ‘எங்கள் அமைச்சர்கள் இவரிடம் போய்க் குனியக் கற்றுக்கொள்ளட்டும்’ என்றார்கள். மறுநாள் தலைவர் நிமிர்ந்த முதுகோடு வேலைக்கு வந்தபோது பதினொரு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சனாயேவும் தட்டினாள், ஆனால் சத்தம் வராமல்.

இரண்டாவது நாள் காற்று திசை மாறியது. அறுபத்தேழு வயதில் எவனால் முப்பத்தோரு நிமிஷம் அசையாமல் குனிந்து நிற்க முடியும் என்று ஒருவன் இணையத்தில் கேட்டான். அந்தக் கோணம் கடைசிவரை ஒரே அளவில் இருக்கிறதே என்று இன்னொருவன் கோடு போட்டுக் காட்டினான். செர்ரி மரத்தையே பூக்க வைத்தவர்கள் ஒரு கிழவனைக் குனிய வைக்க மாட்டார்களா என்றான் மூன்றாமவன். அதுவும் நியாயமான கேள்விதான். ஒருமுறை போலி செய்தவன் நிஜமாகவே அழுதாலும் கிளிசரின் வாசனைதான் வரும்.

மூன்றாவது நாள் தலைநகரிலிருந்து ஒளிபரப்பு நெறிக் குழுவின் கடிதம் வந்தது. இரண்டே கேள்விகள். அந்தக் காட்சியில் செயற்கையாகச் செய்தது ஏதாவது உண்டா? பார்ப்பவர்களைத் தவறாக எண்ணவைப்பது ஏதாவது உண்டா?

முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று சனாயே உடனே எழுதினாள். இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது.

“அதுக்கும் ‘இல்லை’ன்னு எழுதுங்க” என்றார் ஓனோதேரா. “முடிஞ்சுது வேலை.”

“இருக்கே.”

“என்ன இருக்கு?”

“இடுப்பு இருக்கு.”

ஓனோதேராவுக்கு வியர்த்துவிட்டது. “சனாயே சான், உங்களைக் கும்பிடுறேன். அது தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அரைமணி நேரம் போயிடும். என் தப்புக்கு எல்லாருக்கும் வேலை போனா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு...”

அவர் பேசி முடிக்குமுன் அவள் தலைவரின் அறைக்குப் போயிருந்தாள்.

“ஜனங்க நம்மளைப் பாராட்டுறாங்க தலைவரே. உங்க இடுப்பைப் பார்த்து, மனசுன்னு நினைச்சுட்டாங்க. இதுவும் போலிதானே? அதை ஏ.ஐ. செஞ்சுது, இதை இடுப்பு செஞ்சுது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

தலைவர் அவளை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

“அறிவிப்புப் போடணும்னு சொல்றீங்க.”

“ஆமா.” அவள் கடிதத்தை அவர் மேசைமேல் வைத்தாள். “இதனால அரைமணி நேரம் போயிட்டா நான்தான் காரணம். தெரியும். ஆனா மறைச்சுக் காப்பாத்தினா, அப்புறம் கரடி வந்துச்சுன்னு நாம சொன்னாக்கூட ஒருத்தரும் கதவைச் சாத்த மாட்டாங்க.”

“எழுத்து எவ்வளவு பெரிசு?”

“இருபதுல ஒரு பங்கு.”

“போடுங்க” என்றார் தலைவர். அவர் சிரித்த மாதிரி இருந்தது.

அன்று ஆறேகாலுக்கு அதே காட்சியை மறுபடி போட்டார்கள். குனிந்த தலைவருக்குக் கீழே, கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி ஒரு வரி ஓடியது: ‘குறிப்பு: இக்காட்சியில் காணப்படும் பணிவு, இடுப்புப் பிடிப்பால் ஏற்பட்டது.’

தொலைபேசிகள் ஒரே சமயத்தில் அலறின. சனாயே கண்ணை மூடிக்கொண்டு முதல் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சு விடமுடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நான் மலைப்பக்கம் மாட்டுப் பண்ணை வெச்சிருக்கேன்” என்றான் ஒருவழியாக. “ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சொந்தத் தலைவர் இடுப்பையே விட்டுவைக்காதவங்க எங்க கிட்ட பொய் சொல்ல மாட்டீங்க. இனிமே உங்க செய்திதான் எங்க வீட்டுல.”

அடுத்த போனும் சிரிப்பு. அதற்கடுத்ததும். அன்று மட்டும் இருநூற்றுப் பதினான்கு. திட்டியவர்கள் நான்கு பேர்தான். அவர்களிலும் ஒருவர் நடுவில் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் நெறிக் குழு விசாரணையை முடித்துக்கொண்டது. அந்த ஒன்பது பக்கத்தில் ஒரு பிரதி கிடைக்குமா, மற்ற நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தது. அந்தப் பணிவுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. தோக்கியோவும் இறங்கி வந்தது. அரைமணி நேரம் கிதாமினேவுக்கே என்றது. ஓனோதேரா தன் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எட்டு விநாடியில் அது நிற்கவில்லை.

இதற்கிடையில் சனாயே கிடங்கில் இரண்டு நாள் தேடி, நாருமி கென்சோவின் போன வருஷப் பேட்டியை, யாரும் கை வைக்காத அசலை, கண்டுபிடித்தாள். தலைவரும் அவளும் அதை எடுத்துக்கொண்டு நாருமி வீட்டுக்குப் போனார்கள்.

“அதை மறுபடி போட முடியாதும்மா” என்றார் தலைவர். “அது அவர் இல்லை. இது அவர்.”

திரையில் நாருமி கென்சோ மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார். “பூவா? சுமார்தான். கூட்டம் தாங்கலை. இந்தக் குளிர்ல மனுஷன் இங்கே உட்காருவானா? வீட்டுக்குப் போகலாம்னா இவ வரமாட்டேங்கறா” என்று கேமராவுக்கு வெளியே யாரையோ கை காட்டினார்.

நாருமி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சனாயே பதறிப்போனாள். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்தது.

“இதுதான் எங்க வீட்டுக்காரர்! நாற்பத்திரண்டு வருஷத்துல ஒரு பொருளை நல்லாயிருக்குன்னு சொன்னதில்லை. அன்னிக்கு டிவியில ‘அமோகம்’னு சொன்னப்பவே நினைச்சேன், இது எவனோன்னு. குரல் மட்டும்தான் ஆசையா இருந்துச்சு.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். “உங்க இடுப்பு இப்ப எப்படி இருக்கு?”

“பரவாயில்லைம்மா” என்றார் தலைவர். நன்றாக நிமிர்ந்து, முதல் தடவையாக அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாதக் கடைசியில் கோட்டைப் பூங்கா நிஜமாகவே பூத்தது. ஓனோதேரா விடியற்காலையிலேயே கேமராவோடு போய்விட்டார். அவர் அனுப்பிய படத்தில் கால்வாசி மரங்கள்தான் பூத்திருந்தன. ஒரு கிளையில் காக்கை வேறு உட்கார்ந்திருந்தது. அவராகவே கீழே ஒரு வரி போட்டிருந்தார்: ‘குறிப்பு: காக்கையும் நிஜம்.’

சனாயே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. நிலையத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வரியும் உண்மை. அவள் சரிபார்த்து அனுப்பிய உண்மை. அப்படி நினைத்துக்கொண்டு டீயை ஒரு மிடறு குடித்தபோது கதவு படாரென்று திறந்தது.

அக்குபங்சர் தொகாஷி அம்மாள் நின்றார். முகம் சிவந்திருந்தது.

“நெறிப் பிரிவுன்னு எழுதியிருக்கீங்களே, இங்கே நெறியும் இருக்கா, வெறும் போர்டு மட்டும்தானா?”

“உட்காருங்கம்மா. என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? என்கிட்ட வர்றவங்க எல்லாம் நின்னுட்டாங்க! ‘டிவியிலேயே போட்டாங்களே, அந்தம்மா ஊசி குத்தியும் தலைவருக்கு இடுப்பு விடலையாமே’ன்னு ஊரே பேசுது. நான் அன்னிக்கு இங்கே வந்துபோனது எல்லாருக்கும் தெரியும். முப்பது வருஷம் சம்பாதிச்ச பேரு! முதல்ல அந்த வரியைத் தப்புன்னு சொல்லி மறுப்புப் போடுங்க.”

“எங்களுக்கு ரொம்ப வருத்தம்மா. ஆனா அது உண்மை. உண்மையை எப்படித் தப்புன்னு போடுறது?” என்றாள் சனாயே பொறுமையாக. “அவர் இடுப்பு பிடிச்சுக்கிட்டதாலதான் அப்படி நின்னார்.”

“நான் வாயைத் திறக்கக்கூடாதுன்னு இருந்தேன், அவர் கேட்டுக்கிட்டாரேன்னு. இதுக்கு மேல முடியாது” என்றார் தொகாஷி அம்மாள். “ஒரு மணிக்கே உங்க தலைவர் ஜம்முனு நிமிர்ந்து, ஜன்னலோரம் நின்னு ஒரு கப் டீ முழுசாக் குடிச்சாரும்மா, அப்புறம் ‘எனக்குச் சரியாப்போச்சுன்னு யாருக்கும் சொல்லாதீங்க, இன்னிக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை’ன்னு சொல்லிட்டு, அவராத்தான் மறுபடி குனிஞ்சாரு!”